முத்துப்பிள்ளை கர்ப்பத்துக்குப் பிறகு: பீட்டா எச்சிஜியைப் பின்தொடர்ந்து புற்றுநோயைப் பிடிப்பதும் குணமாக்குவதும்

முத்துப்பிள்ளை கர்ப்பத்தை, அதாவது நச்சுக்கொடி நீர்க்குமிழ்களாக வளரும் கோளாறான கர்ப்பத்தை, சுத்தம் செய்து வீட்டுக்கு அனுப்பும்போது டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "வாராவாரம் பீட்டா எச்சிஜி" என்று எழுதியிருப்பார்கள். ரத்தப்போக்கு நின்று உடம்பு தேறியதும் பலர் அந்த வரியை மறந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த ஒரு வரியைப் பற்றியது. நச்சுக்கொடிச் செல்கள் சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோனை ரத்தத்தில் அளப்பதுதான் பீட்டா எச்சிஜி பரிசோதனை. முத்துப்பிள்ளை கர்ப்பத்திலிருந்து முளைக்கும் புற்றுநோய் அரிதானது. உடல் முழுக்கப் பரவிய பிறகும் மருந்தால் குணமாகிற புற்றுநோய்களில் ஒன்று. ஆனால் அதைப் பிடித்துக் கொடுப்பது அந்த ரத்தப் பரிசோதனைதான். எண்ணை விட்டுவிட்டால் நோயையும் விட்டுவிடுவோம்.

கீழே வரும் மருந்து அளவுகள், உங்கள் கையில் இருக்கும் சிகிச்சைச் சீட்டைப் புரிந்துகொள்ளவும், சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சரியான கேள்வி கேட்கவும். சீட்டில் வேறு அளவு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நீங்களாக எதையும் மாற்றாதீர்கள்.

எங்கிருந்து வருகிறது

கரு கர்ப்பப்பையில் ஒட்டிக்கொள்ள உதவி, பிறகு நச்சுக்கொடியாக வளர்வது ட்ரோபோபிளாஸ்ட் எனும் செல்கள். சினைமுட்டையில் தாயின் மரபணு இல்லாமல் போய், தந்தையின் மரபணு மட்டும் இரட்டிப்பாகி வளர்ந்தால் அது முழு முத்துப்பிள்ளை. அதில் குழந்தை இருக்காது. கர்ப்பப்பை முழுக்க ஜவ்வரிசி போல நீர்க்குமிழ்கள் நிறைந்திருக்கும். நல்ல முட்டைக்குள் இரண்டு விந்தணுக்கள் நுழைந்து 46-க்குப் பதில் 69 குரோமோசோம்கள் சேர்ந்துவிட்டால் அது பகுதி முத்துப்பிள்ளை. முழு வகையில் 100 பேரில் 15 முதல் 20 பேருக்குச் சுத்தம் செய்த பிறகும் செல்கள் வளர்ந்து சிகிச்சை தேவைப்படுகிறது. பகுதி வகையில் அது 1 முதல் 5 பேர் வரைதான்.

இந்தச் செல்கள் கர்ப்பப்பைச் சுவருக்குள் புகுந்தால் ஊடுருவும் முத்துப்பிள்ளை. ரத்தத்தில் கலந்து நுரையீரல், மூளை, கல்லீரல் என்று பாயும் கொடிய வடிவத்துக்குக் கோரியோகார்சினோமா என்று பெயர். கோரியோகார்சினோமா முத்துப்பிள்ளைக்குப் பிறகு மட்டும் வருவதில்லை. சாதாரணக் கருச்சிதைவுக்குப் பிறகும், ஆரோக்கியமான குழந்தை பிறந்த பிறகும் வரலாம். குழந்தை பிறந்த பிறகு வருவது மிக அரிது, ஏறத்தாழ 50,000 பிரசவங்களில் ஒன்று. யாரும் எதிர்பார்க்காததால் அதுதான் மிகத் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுகிறது.

எப்போது சந்தேகப்பட வேண்டும்

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரத்தப்போக்கு, நாள் கணக்குக்கு மீறிப் பெரிதான வயிறு, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, 20 வாரத்துக்கு முன்பே ஏறும் ரத்த அழுத்தம், காரணமில்லாத படபடப்பும் கை நடுக்கமும். இவை பாடப்புத்தக அறிகுறிகள். இன்று எட்டு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்துவிடுவதால் பெரும்பாலானோருக்கு இவை எதுவும் வருவதற்குள் விஷயம் தெரிந்துவிடுகிறது. இதில் ஒரு சிக்கலும் உண்டு. அவ்வளவு சீக்கிரத்தில் குமிழ்கள் தெளிவாகத் தெரியாது. ஸ்கேன் அறிக்கையில் "வளர்ச்சி நின்றுபோன கரு" என்று மட்டுமே வரும். கலைந்த சதையைப் பாத்தாலஜிக்கு அனுப்பாமல் விட்டால் அது முத்துப்பிள்ளை என்பது யாருக்குமே தெரியாமல் போய்விடும். கருச்சிதைவுக்குச் சுத்தம் செய்தால் சதைத் துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முழு வகையா பகுதி வகையா என்ற குழப்பம் வந்தால் பி57 என்ற சாயப் பரிசோதனை உதவும். முழு முத்துப்பிள்ளையில் அந்தச் சாயம் பிடிக்காது.

பிரசவமோ கருச்சிதைவோ முடிந்து 6 வாரம் தாண்டியும் விட்டு விட்டு ரத்தம் போனால், "பால் கொடுக்கிறாய், அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டு உட்காராமல் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுங்கள். புதிய கர்ப்பம் இல்லாமல் அது பாசிட்டிவ் என்றால் அன்றே மகப்பேறு டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தை பெறும் வயதுள்ள பெண்ணுக்குச் சளியில் ரத்தம் வந்து எக்ஸ்ரேயில் உருண்டைப் புள்ளிகள் தெரிந்தால் நம் ஊரில் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். திடீர் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு என்றால் நரம்பியல் வார்டுக்குப் போவார்கள். இந்த இரண்டு இடங்களிலும் ஒரு பீட்டா எச்சிஜி எடுத்தால் அரை நாளில் உண்மை தெரிந்துவிடும். எடுக்க வேண்டும் என்று தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

சுத்தம் செய்வதில் கவனிக்க வேண்டியவை

முத்துப்பிள்ளையை உறிஞ்சி எடுக்கும் சக்ஷன் முறையில்தான் அகற்ற வேண்டும், முடிந்தால் ஸ்கேன் பார்த்தபடியே. கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கும் மாத்திரை கொடுத்துத் தானாக வெளியேற வைப்பது நல்லதல்ல. சுருங்கும் வேகத்தில் ட்ரோபோபிளாஸ்ட் திசு ரத்தக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய் மூச்சுத்திணறல் வரலாம். அதே காரணத்தால் கர்ப்பப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் சொட்டு மருந்தையும் கர்ப்பப்பை வாய் திறந்து உறிஞ்சத் தொடங்கிய பிறகே ஏற்றுவார்கள்.

முன்னதாக ரத்த வகை, ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல், நெஞ்சு எக்ஸ்ரே, அன்றைய பீட்டா எச்சிஜி ஆகிய அனைத்தும் கையில் இருக்க வேண்டும். எச்சிஜி மிக அதிகமானால் தைராய்டைத் தூண்டிவிடும். கவனிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு கட்டுக்கடங்காமல் போகும். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசியைக் கேட்டு வாங்குங்கள். ரத்தம் ஏற்பாடு செய்து வைத்த பிறகே தியேட்டருக்குப் போவது நல்லது.

இருபக்கச் சினைப்பைகளிலும் பெரிய நீர்க்கட்டிகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அறுவை சிகிச்சையும் வேண்டாம். எச்சிஜி இறங்க இறங்க அவை தாமாக வற்றும். திடீரென்று அடிவயிறு சுருட்டிப் பிடித்தால் மட்டும் உடனே போங்கள், கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம்.

வயது 40 தாண்டி, குழந்தை போதும் என்பவர்கள் சிலர் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்கலாம், ஆபத்து குறையும். ஆனால் செல்கள் ஏற்கெனவே வெளியே போயிருக்கலாம் என்பதால் எச்சிஜி பார்ப்பதிலிருந்து விடுதலை கிடையாது.

எண்ணைப் பின்தொடரும் முறை

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நான்கு பத்தி போடுங்கள்: தேதி, எச்சிஜி எண், எந்த லேப், ரத்தப்போக்கு உண்டா. டாக்டர் மாறினாலும் ஊர் மாறினாலும் இந்தப் பக்கம் கூட வர வேண்டும்.

வாரம் ஒருமுறை, அதே கிழமையில், அதே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் இயந்திரமும் முறையும் வேறு. இரண்டு லேப் எண்களை ஒப்பிட்டு ஏறியது இறங்கியது என்று சொல்ல முடியாது. கேட்க வேண்டியது "மொத்த பீட்டா எச்சிஜி, அளவுடன்". "ஃப்ரீ பீட்டா" என்பது கர்ப்பிணிகளுக்கு டபுள் மார்க்கர் பரிசோதனையில் பார்ப்பது. கவுன்டரில் அதைப் பதிந்துவிடுவதுண்டு. பில்லை அங்கேயே படித்துப் பாருங்கள். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் நிறுத்திவிடுங்கள், சில இயந்திரங்களில் அது எண்ணைக் குறைத்துக் காட்டும்.

5-க்குக் கீழே வந்தால் நார்மல். முழு முத்துப்பிள்ளையில் பெரும்பாலானோருக்கு இரண்டு மூன்று மாதங்களில் அது நடந்துவிடும். தொடர்ந்து மூன்று வாரம் நார்மலாக இருந்த பிறகு மாதம் ஒருமுறைக்கு மாற்றலாம். எத்தனை மாதம் என்பதில் மையத்துக்கு மையம் வேறுபாடு உண்டு. உலக மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பான ஃபிகோவின் இன்றைய வழிகாட்டுதல், முழு வகைக்கு நார்மலான பிறகு 3 மாதம், பகுதி வகைக்கு ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை என்கிறது. பல மருத்துவமனைகள் இன்னும் 6 மாதம் பார்க்கச் சொல்கின்றன. உங்கள் மருத்துவமனை சொல்வதைப் பின்பற்றுங்கள், குறைக்காதீர்கள்.

இந்தக் காலம் முழுக்கக் கர்ப்பம் தரிக்கக் கூடாது. தரித்தால் எச்சிஜி ஏறும். அது குழந்தையா நோயா என்று பிரித்தறிய முடியாமல் எல்லாரும் திண்டாட வேண்டிவரும். கருத்தடை மாத்திரை பாதுகாப்பானது. ஆணுறையும் பயன்படுத்தலாம். காப்பர்-டி மட்டும் எண் நார்மலாகும் வரை வேண்டாம், மென்மையாகிப்போன கர்ப்பப்பைச் சுவரை அது துளைத்துவிடலாம்.

இப்போது ஒரு பக்கத்தைப் படித்துப் பார்ப்போம். சுத்தம் செய்யும் முன் 1,86,000. பிறகு வாராவாரம் 9,400, 1,850, 520, 310, 296, 318, 305. முதல் நான்கு எண்களும் அழகாக இறங்கின. நான்காம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை நான்கு எண்கள் 10 சதவீதத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருக்கின்றன. மூன்று வார இடைவெளியில் நான்கு எண்கள் இப்படித் தேங்கி நின்றால் அது புற்றுநோயாக மாறியதாகவே கணக்கு. எண் ஏறுகிறது என்றால் அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை: 240, 390, 720 என்று இரண்டு வாரத்தில் மூன்று எண்களும் ஏறுமுகமாக இருந்தால் போதும். பயாப்ஸி எனும் சதைப் பரிசோதனையில் கோரியோகார்சினோமா என்று வந்துவிட்டால் எண்ணுக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

310, 250, 205, 170 என்று வந்தால்? மெதுவாகத்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் 10 சதவீதத்துக்கு மேல் இறங்குகிறது. இவருக்குக் கீமோ தேவையில்லை, அடுத்த வாரம் மீண்டும் ரத்தம் கொடுத்தால் போதும். பதற்றத்தில் சிகிச்சை தொடங்கச் சொல்லி டாக்டரை நெருக்க வேண்டாம். தேங்கி நிற்பவரை "இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம்" என்று தள்ளுவதும் அதே அளவு தவறு.

எண் பொய் சொல்லும் இடங்கள்

மூன்று இடங்களில் ஏமாறலாம். எச்சிஜி பல லட்சத்தில் இருக்கும்போது பரிசோதனைக் கரைசல் திணறிப்போய், மிகக் குறைவான எண்ணைக் காட்டிவிடும். வயிறும் ஸ்கேனும் ஒன்று சொல்ல எண் வேறொன்று சொன்னால், ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடி ஓட்டும்படி லேபிடம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, நேர் எதிரானது. சிலரது ரத்தத்தில் உள்ள வேறு ஆன்டிபாடிகள் பரிசோதனையைக் குழப்பி, இல்லாத எச்சிஜியை இருப்பதாகக் காட்டும். பல வாரங்களாக 20, 30 என்று ஒரே இடத்தில் நிற்கும். ஸ்கேனில் எதுவும் இருக்காது. இந்த ஆன்டிபாடிகள் சிறுநீரில் இறங்குவதில்லை. ஆகவே சிறுநீர்ப் பரிசோதனையையும், வேறு முறையில் இயங்கும் இன்னொரு லேபின் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். இதைச் செய்யாமல் கீமோ கொடுத்து, கர்ப்பப்பையையும் எடுத்த பிறகு அது பொய் எண் என்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. குறைந்த எண்ணுடன் யாராவது கீமோ என்று சொன்னால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவது, மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே சிறிதளவு எச்சிஜி சுரக்கும். கருத்தடை மாத்திரையைச் சில வாரம் கொடுத்தால் அது அடங்கிவிடும், நோயென்றால் அடங்காது.

உறுதியானதும் செய்யும் பரிசோதனைகள்

எண் நோய் என்று சொல்லிவிட்டால் சிகிச்சை தொடங்கச் சதைப் பரிசோதனை தேவையில்லை. புற்றுநோய்களில் இப்படி ஒன்றைப் பார்ப்பது அபூர்வம். குறிப்பாக, பிறப்புறுப்பில் நீலம் பாரித்த முடிச்சு ஒன்று தெரிந்தால் அதில் துண்டு வெட்டவே கூடாது. கோரியோகார்சினோமா ரத்தக்குழாய்களை அரித்து வளர்வது. வெட்டிய இடத்தில் ரத்தம் நிற்காமல் கொட்டும்.

டாப்ளருடன் கூடிய அடிவயிற்று ஸ்கேனும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எல்லாருக்கும் உண்டு. எக்ஸ்ரேயில் புள்ளிகள் தெரிந்தால், அல்லது பிரசவத்துக்குப் பிறகு வந்த நோய் என்றால், மூளைக்கு எம்ஆர்ஐ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி எடுப்பார்கள். கர்ப்பப்பையோடு நின்றால் முதல் நிலை, சினைப்பை, பிறப்புறுப்பு வரை போனால் இரண்டு, நுரையீரல் மூன்று, வேறு எங்கு போனாலும் நான்கு.

ஆனால் சிகிச்சையைத் தீர்மானிப்பது நிலையைவிட மதிப்பெண்தான். இதை நீங்களே கூட்டிப் பார்க்கலாம்:

வயது: 40-க்குக் கீழ் 0, மற்றவர்களுக்கு 1.
முந்தைய கர்ப்பம்: முத்துப்பிள்ளை 0, கருச்சிதைவு 1, நிறைமாதப் பிரசவம் 2.
அந்தக் கர்ப்பம் முடிந்து ஆன மாதங்கள்: 4-க்குக் கீழ் 0, 4 முதல் 6 வரை 1, 7 முதல் 12 வரை 2, அதற்கு மேல் 4.
சிகிச்சைக்கு முன் எச்சிஜி: 1,000-க்குக் கீழ் 0, 10,000-க்குக் கீழ் 1, ஒரு லட்சத்துக்குக் கீழ் 2, அதற்கு மேல் 4.
கர்ப்பப்பை உட்பட மிகப் பெரிய கட்டி: 3 செ.மீ.க்குக் கீழ் 0, 3 முதல் 5-க்குள் 1, 5-ம் அதற்கு மேலும் 2.
பரவிய இடம்: நுரையீரல் 0, மண்ணீரல் அல்லது சிறுநீரகம் 1, குடல் 2, மூளை அல்லது கல்லீரல் 4.
பரவிய கட்டிகளின் எண்ணிக்கை: இல்லையென்றால் 0, 1 முதல் 4 வரை 1, 5 முதல் 8 வரை 2, அதற்கு மேல் 4.
முன்பு பலிக்காமல் போன கீமோ: ஒரு மருந்து என்றால் 2, இரண்டோ அதற்கு மேலோ என்றால் 4.

மொத்தம் 6 வரை குறைந்த ஆபத்து, 7-லிருந்து அதிக ஆபத்து. மேலே நோட்டுப் புத்தகத்தில் பார்த்தவருக்கு வயது 26, கட்டி 2 செ.மீ., பரவல் இல்லை என்றால் மதிப்பெண் 0. வயது 34, பிரசவம் ஆகி 8 மாதம், எச்சிஜி 1,60,000, கர்ப்பப்பையில் 4 செ.மீ. கட்டி, நுரையீரலில் 6 புள்ளிகள் என்று வருபவருக்கு 11. நுரையீரல் புள்ளிகளை எண்ணும்போது எக்ஸ்ரேயில் தெரிவதை மட்டும் எண்ண வேண்டும். சிடியில் தெரியும் பொடிப் புள்ளிகளையும் சேர்த்தால் மதிப்பெண் வீணாக ஏறி, தேவையில்லாத கடும் சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

குறைந்த ஆபத்துக்கு ஒரே மருந்து

பெரும்பாலும் தொடங்குவது மெத்தோட்ரெக்ஸேட் என்ற கீமோ மருந்தில். பரவலாகப் பயன்படும் எட்டு நாள் முறை இது: 1, 3, 5, 7-ஆம் நாட்களில் 50 மில்லிகிராம் தசையில் ஊசி, 2, 4, 6, 8-ஆம் நாட்களில் ஃபோலினிக் ஆசிட் 15 மில்லிகிராம் மாத்திரை, ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து. சில மையங்கள் 30 மணி நேரம் என்று வைத்திருக்கின்றன. முதல் ஊசியிலிருந்து 14 நாள் கழித்து அடுத்த சுற்று. திங்கட்கிழமை தொடங்கினால் ஊசிகள் திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று விழும். ஞாயிறு ஊசியை யார் போடுவார்கள் என்பதை முதல் திங்களன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறுவது பெரும்பாலும் அந்த ஊசிதான்.

மருந்துக்கடையில் நடக்கக்கூடிய மோசமான தவறு ஒன்று உண்டு. ஃபோலினிக் ஆசிட், லியூகோவோரின் என்றும் சொல்வார்கள், அதற்குப் பதிலாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்டைக் கொடுத்துவிடுவது. இரண்டும் ஒன்றல்ல. செல் ஃபோலிக் ஆசிட்டைப் பயன்படுத்தக் கடக்க வேண்டிய படியைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் அடைத்து வைக்கிறது. எனவே ஃபோலிக் ஆசிட் எத்தனை விழுங்கினாலும் நல்ல செல்களைக் காப்பாற்றாது. ஃபோலினிக் ஆசிட் அந்த அடைப்புக்கு அப்பால் போய்ச் சேர்கிறது. அட்டையில் உள்ள பெயரை எழுத்துக் கூட்டிப் படியுங்கள். சத்து மாத்திரைகளில் உள்ள ஃபோலிக் ஆசிட்டையும் சிகிச்சை முடியும்வரை டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம்.

ஒவ்வொரு சுற்றுக்கு முன்னும் ரத்த அணுக்கள், கிரியாட்டினின், கல்லீரல் என்சைம்கள் பார்க்க வேண்டும். இந்த மருந்து சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. கிரியாட்டினின் ஏறியிருக்கும்போது ஊசி போட்டால் மருந்து உடம்பிலேயே தங்கி, வாய் முழுக்கப் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்துவிடும். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன், சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல் ஆகியவை மெத்தோட்ரெக்ஸேட்டை வெளியேற விடாது, அல்லது அதன் நஞ்சைக் கூட்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் கோத்திருந்தால் மருந்து அதில் தேங்கி மெல்லக் கசியும். அப்படிப்பட்டவர்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் கூடாது. தாய்ப்பால் கொடுக்கக் கூடாது.

முடி பெரும்பாலும் கொட்டாது. வாய்ப்புண், கண் உறுத்தல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக் குத்தல் இவை வரலாம். சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் வாய்ப்புண் மட்டுப்படும். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் என்றால், இரவு இரண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரங்களில் கட்டி கரையும்போது ரத்தப்போக்கு திடீரென்று கூடலாம், மருத்துவமனைக்கு அருகிலேயே தங்கியிருங்கள். தாம்பத்திய உறவு அதுவரை வேண்டாம்.

மற்றொரு தேர்வு ஆக்டினோமைசின்-டி. சதுர மீட்டருக்கு 1.25 மில்லிகிராம், அதிகபட்சம் 2 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில். 150 செ.மீ. உயரமும் 50 கிலோ எடையும் உள்ளவருக்கு உடல் பரப்பு 1.44 சதுர மீட்டர், ஆக மருந்து 1.8 மில்லிகிராம். வருகைகள் குறைவு என்பது இதன் வசதி. குமட்டல் அதிகம், முடி கொஞ்சம் கொட்டும். நரம்பைத் தாண்டித் தோலுக்கடியில் கசிந்தால் சதையே வெந்து புண்ணாகிவிடும். ஏறும்போது எரிச்சலோ வீக்கமோ தெரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

எச்சிஜி சுற்றுக்குச் சுற்று இறங்க வேண்டும். இரண்டு சுற்று கடந்தும் தேங்கினாலோ ஏறினாலோ மருந்தை மாற்ற வேண்டும். எண் குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டிலிருந்து ஆக்டினோமைசினுக்கு, அதிகமாக இருந்தால் நேராகக் கூட்டு மருந்துக்கு. மதிப்பெண் 5, 6 உள்ளவர்களுக்கு ஒற்றை மருந்து பலிக்காமல் போகும் வாய்ப்பு கூடுதல். அதை முன்பே சொல்லி வைத்தால் மாற்றும்போது மனம் உடையாது. மாற்றினாலும் குணம் கிட்டத்தட்ட 100 சதவீதம்தான்.

கீமோவுக்குப் பதிலாக இன்னொரு முறை சுத்தம் செய்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நோய் கர்ப்பப்பைக் குழிக்குள் மட்டும் இருந்து, எச்சிஜி 5,000-க்குக் கீழே இருந்தால், சிலருக்கு அது போதுமானதாகிறது. மற்றவர்களுக்குச் சுவர் கிழியும் ஆபத்துதான் மிச்சம்.

அதிக ஆபத்துக்குக் கூட்டு மருந்து

இங்கே நிலையான சிகிச்சை ஐந்து மருந்துகள் சேர்ந்த இஎம்ஏ-சிஓ. முதல் நாள் எட்டோபோசைட் சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம், ஆக்டினோமைசின் 0.5 மில்லிகிராம், மெத்தோட்ரெக்ஸேட் சதுர மீட்டருக்கு 300 மில்லிகிராம். இதில் 100 உடனேயும் மீதி 200 பன்னிரண்டு மணி நேரம் சொட்டாகவும் ஏறும். இரண்டாம் நாள் எட்டோபோசைட்டும் ஆக்டினோமைசினும் அதே அளவில் மறுபடி. மெத்தோட்ரெக்ஸேட் தொடங்கி 24 மணி நேரம் ஆனதும் ஃபோலினிக் ஆசிட் 15 மில்லிகிராம், 12 மணிக்கொருமுறை நான்கு வேளை. எட்டாம் நாள் வின்கிரிஸ்டின் சதுர மீட்டருக்கு 1 மில்லிகிராம், 2-ஐத் தாண்டாமல். சைக்ளோஃபாஸ்ஃபமைடு சதுர மீட்டருக்கு 600 மில்லிகிராம். பதினைந்தாம் நாள் மீண்டும் முதலிலிருந்து. முடி முழுக்கக் கொட்டும், பிறகு வளரும். நாள் தள்ளிப்போவதுதான் இங்கே எதிரி. வெள்ளணு குறைந்தால் அதை ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டாவது அட்டவணையைக் காப்பாற்றப் பார்ப்பார்கள்.

மதிப்பெண் 13-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு முழு அளவில் தொடங்கினால் கட்டிகள் ஒரேயடியாக உடைந்து நுரையீரலிலோ மூளையிலோ ரத்தம் கொட்டிவிடலாம். அதனால் முதல் ஒன்று முதல் மூன்று வாரம், வாரத்தில் இரண்டு நாள் சதுர மீட்டருக்கு எட்டோபோசைட் 100 மில்லிகிராம், சிஸ்பிளாட்டின் 20 மில்லிகிராம் என்று மிதமாகத் தொடங்குவார்கள். மூளையில் பரவியிருந்தால் மெத்தோட்ரெக்ஸேட்டைச் சதுர மீட்டருக்கு 1 கிராம் வரை கூட்டுவார்கள். ஃபோலினிக் ஆசிட்டும் கூடுதல் வேளைகள் வேண்டும். இந்த அளவு நோய்க்கு, அனுபவமுள்ள மையம்தான் வேண்டும். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர், இலங்கையில் மஹரகம அபேக்ஷா மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பயணப்படத் தயங்காதீர்கள். கூட்டு மருந்தும் பலிக்காதவர்களுக்கு சிஸ்பிளாட்டின் சேர்ந்த வேறு கூட்டுகள், பிறகு பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்புச்சக்தி மருந்துகள் இருக்கின்றன.

நச்சுக்கொடி ஒட்டிய இடத்திலிருந்து முளைக்கும் ட்ரோபோபிளாஸ்ட் கட்டிகள் என்று இரண்டு வகை உண்டு. இவை கீமோவுக்கு அவ்வளவாக மசியாது, எச்சிஜியும் அதிகம் ஏறாது. இவற்றுக்கு மட்டும் பயாப்ஸியும் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை சிகிச்சையும்தான் முதன்மை. மதிப்பெண் முறையும் இவற்றுக்குப் பொருந்தாது.

எப்போது நிறுத்துவது

எச்சிஜி நார்மலானதும் நிறுத்திவிடக் கூடாது. பரிசோதனை காட்டும் 5-க்குக் கீழேயும் செல்கள் உயிரோடு இருக்கும். ஒற்றை மருந்து என்றால் நார்மலான பிறகு இன்னும் மூன்று சுற்று, கூட்டு மருந்து என்றால் இன்னும் 6 முதல் 8 வாரம்.

இந்த விதிக்குப் பின்னால் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் ஆசிட்டை எதிர்க்கும் மருந்துகளை உருவாக்கிய குழுவை நடத்தினார்; மெத்தோட்ரெக்ஸேட் அந்தக் குடும்பத்தில் வந்தது. 1956-இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் அதைக் கொண்டு, பரவிய கோரியோகார்சினோமா மறைவதைக் காட்டினார்கள். கட்டி கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் எச்சிஜி இருக்கும்வரை மருந்தை நிறுத்த மாட்டேன் என்று லீ தொடர்ந்தார். வீணாக நஞ்சு கொடுக்கிறார் என்று அவரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். முன்கூட்டியே நிறுத்தப்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது, அவர் முறையில் முடித்தவர்களுக்குத் திரும்பவில்லை. "எண் நார்மல், உடம்பும் நன்றாக இருக்கிறது, எதற்கு இன்னும் ஊசி" என்று வீட்டில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகு மாதம் ஒருமுறை 12 மாதம் எச்சிஜி பார்க்க வேண்டும். திரும்பினால் பெரும்பாலும் அந்த முதல் ஆண்டுக்குள்தான். கர்ப்பப்பையில் தெரிந்த நிழலோ நுரையீரலில் தழும்போ ஸ்கேனில் மாதக்கணக்கில் தங்கும். எண் நார்மலாக இருந்தால் அதைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம்.

அடுத்த குழந்தை

கீமோ முடிந்து 12 மாதம் கழித்துக் கர்ப்பம் தரிக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் கருத்தரிக்கும் திறனைக் கெடுப்பதில்லை. கூட்டு மருந்து எடுத்தவர்களுக்கு மாதவிலக்கு சில ஆண்டுகள் முன்னதாக நிற்கலாம். ஆகவே வயது ஏறியவர்கள் இதைச் சிகிச்சைக்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. மறுபடி முத்துப்பிள்ளை வரும் வாய்ப்பு 100-க்கு ஒன்றிரண்டுதான். மாமியார் வீட்டில் யாரும் இதை அந்தப் பெண்ணின் குறையாகப் பேச இடமில்லை: முழு முத்துப்பிள்ளை வளர்வது தந்தையின் மரபணுவில்தான், அதிலும் யார் குற்றமும் இல்லை. இரண்டு, மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால் மட்டும் என்எல்ஆர்பி7 என்ற மரபணுவைப் பரிசோதிக்கலாம். அதில் கோளாறு இருந்தால் தானமாகப் பெற்ற சினைமுட்டையில் நல்ல குழந்தை பெற வழி உண்டு.

புதிய கர்ப்பத்தில் 8 முதல் 10 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன் எடுத்து, குழந்தைதான் வளர்கிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிரசவத்தின்போது பழைய விவரத்தைச் சொல்லி நச்சுக்கொடியைப் பாத்தாலஜிக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோரியோகார்சினோமா பிரசவத்தை ஒட்டிக் கண்டுபிடிக்கப்பட்டால் குழந்தைக்கும் எச்சிஜி பார்க்க வேண்டும். மிக அரிதாகவே என்றாலும் அதற்கும் பரவியதுண்டு. குழந்தை பிறந்து 6 வாரம் ஆனதும், தடுப்பூசிக்குப் போகிற அதே நாளில், உங்களுக்கும் ஒரு பீட்டா எச்சிஜி எடுத்துவிடுங்கள்.